ரி வராத டிராம்போன்

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலேயே எங்கள் பக்கம் மழை கனத்துவிடும். மற்ற மாவட்டங்களில் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போய் பள்ளிக்கு வரும்போது, இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் எங்கு பார்த்தாலும் குடையும் நனைந்த புத்தகப்பையும்தான். பேண்டு வகுப்புக்கு என்று எங்களுக்குக் கொடுத்திருப்பது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. மழை பிடித்தால் நான் சொல்வது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. இந்த முறை ஆறாம் வகுப்பிலிருந்தும் ஏழாம் வகுப்பிலிருந்தும் 23 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், காலை எட்டே காலுக்கு, நாற்பது நிமிடம். யாருக்கும் இதற்கு முன் எந்தக் கருவியும் தெரியாது, இரண்டு பேர் மட்டும் கோவில் திருவிழாவில் செண்டை அடித்திருக்கிறார்கள்.

முதல் நாள் மேசையில் கருவிகளை எல்லாம் வரிசையாக வைப்பேன். ஆனால் ஊத விடமாட்டேன், தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். யார் எதன் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் இது. இந்த வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அந்த வகுப்பிலேயே குட்டையானவன், நேராக டிராம்போனிடம் போனான். ஒரு தேவாலயத்தில் பழைய பேண்டு கலைந்தபோது எங்களுக்கு வந்த கருவி அது, நெளிவு எடுத்து சரி பண்ணி வைத்திருந்தோம். அவன் அதைத் தூக்கி, ஸ்லைடு என்கிற நீட்டிச் சுருக்கும் குழாயை இழுத்துப் பார்த்தான், கை எட்டுகிற தூரம் வரை போய் நின்றது, அதற்கு மேலும் ஸ்லைடு நீளமாக இருந்தது. "சாரே, எனக்கு இதுதான் வேணும்" என்றான்.

டிராம்போன் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அதில் பட்டன் கிடையாது. ஸ்லைடை ஏழு இடங்களில் நிறுத்தி ஊதவேண்டும், ஒவ்வொரு இடமும் தள்ளித் தள்ளிப் போகப் போக ஸ்வரம் அரை அரையாகக் கீழே இறங்கும். தொடக்க வகுப்பில் எல்லாரும் முதலில் கற்பது ஐந்தே ஸ்வரம்தான், ச ரி க ம ப என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராம்போனில் ச முதல் இடத்தில், க நான்காவதில், ம மூன்றாவதில், ப மறுபடியும் முதல் இடத்தில். இதெல்லாம் சின்னக் கைக்கு எட்டும். ரி மட்டும் ஆறாவது இடத்தில் இருக்கிறது. பதினொரு வயதுப் பையனுக்கு அது எட்டாது, பல பேருக்கு எட்டாது. நான் சொன்னேன், மக்களே, இதைவிட யூஃபோனியம் எடு, சத்தம் கிட்டத்தட்ட இதே தாழ்ந்த சத்தம்தான், விரலால் அமுக்கினால் போதும், எல்லா ஸ்வரமும் வரும் என்று. அவன் தலையை ஆட்டிக்கொண்டே டிராம்போனை விடாமல் நின்றான். யோசித்துப் பார்த்து, சரி என்று விட்டுவிட்டேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றியிருப்பது ஒன்றே ஒன்று. முதல் வருடப் பிள்ளைகளிடம் பாட்டு கேட்கக் கூடாது. மூச்சும் உதடும் காதும் ஒன்றுசேர அவர்களுக்குக் காலம் கொடுக்கவேண்டும், அதற்குக் கிறிஸ்துமஸ் வரை ஐந்து ஸ்வரத்திலேயே நின்றாலும் பரவாயில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் கருவியே கொடுப்பதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைச் சுவரில் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஊதும் காற்றாலேயே அது விழாமல் நிறுத்தவேண்டும். இது விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் காற்று ஒரே சீராகப் போகாவிட்டால் காகிதம் உடனே சரிந்துவிடும், ஆகவே நான் எதுவும் திருத்த வேண்டியதில்லை, காகிதமே சொல்லிவிடும். தோளை உயர்த்தி மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு மூன்று நொடி நிற்கும், வயிறு விரிய இழுக்கிற பிள்ளைக்குப் பத்து நொடி நிற்கும். சில பேருக்குத் தலை சுற்றும், முக்கியமாக ஃப்ளூட் எடுக்கப்போகிறவர்களுக்கு, ஏனென்றால் அதில் ஊதுகிற காற்றில் பெரும்பகுதி வெளியே போய்விடும், ஆரம்பத்தில் காற்றை அளந்து விடத் தெரியாது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது ஒரு பெண் மயங்கி உட்கார்ந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து வகுப்பு நாளில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வைத்துவிடுகிறேன், ஒரு பழம் தின்றுவிட்டுத்தான் ஊதத் தொடங்கவேண்டும்.

அப்புறம் ஓஸ் பைப்பு வகுப்பு. எனக்கு மிகப் பிடித்த நாள் இது. டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும், கணக்காகச் சொன்னால் 148 சென்டிமீட்டர். அதே நீளத்துக்கு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஓஸை வெட்டி, ஒரு முனையில் உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸைச் செருகி, மறுமுனையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை வைத்து ஊதிக் காட்டுவேன். டிரம்பெட் சத்தமே வரும்! பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். உதட்டை இறுக்கினால் மேலே ஒரு ஸ்வரம், இன்னும் இறுக்கினால் அதற்கும் மேலே ஒன்று, நடுவில் இருப்பது எதுவும் வராது, படிக்கட்டில் சில படிகள் இல்லாத மாதிரி. அந்த இல்லாத படிகளைப் போடத்தான் மூன்று பட்டன். இரண்டாவதை அமுக்கினால் காற்று கூடுதலாக ஒரு சின்னக் குழாய்க்குள் சுற்றிப் போகும், ஸ்வரம் அரைப்படி இறங்கும், முதலாவது ஒரு முழுப்படி, மூன்றாவது ஒன்றரைப் படி. மூன்று பட்டனில் எப்படி சாரே எல்லாப் பாட்டும் வருது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள், இந்த வகுப்பு முடிந்தபிறகு அந்தக் கேள்வியை அவர்களே பக்கத்துப் பிள்ளைக்கு விளக்குவார்கள்.

பிறகுதான் கருவி. அதிலும் முதலில் பாடவேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்களில் தொடக்கப் பிள்ளைகளைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே ஸ்வரம் ஊத வேண்டும் என்றால் ஃப்ளூட்காரனுக்கு பி ஃபிளாட் என்று எழுதியிருக்கும், டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் அது சி, ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ஜி. மூன்று பெயர், சத்தம் ஒன்று. இதை ஆங்கிலத்தில் விளக்கி விளக்கி நானே களைத்திருக்கிறேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. சுருதிப் பெட்டியை அந்த பி ஃபிளாட்டுக்குச் சமமான ஆறரைக் கட்டையில் வைத்து, இதுதான் நம்ம ச, எல்லாரும் பாடுங்க என்பேன். கட்டை மாறினாலும் ச எப்போதும் ச தானே, அது நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்புக்கே போகாவிட்டாலும் காதில் ஏறியிருக்கிறது. உன் தாளில் இருக்கிற பெயர் என்னவாக இருந்தாலும் அது நம்ம ச என்று சொன்னால் அடுத்த நிமிடம் ஊதுகிறார்கள். ஐந்து ஸ்வரமும் சங்கராபரண ராகத்தின் கீழ்ப்பாதிதான், மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் அதே ஸ்வரங்கள்தான்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினாரே, நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவை எல்லாம் சங்கராபரணத்தில் நிற்பது இதனால்தான். பிரிட்டன் நாட்டு கீதத்தின் மெட்டுகூட அதில் இருக்கிறது. இதைச் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்போ பேண்டு நம்ம ஊர் பாட்டுக்குள்ள எப்பவோ வந்துட்டு, இல்லியா சார் என்று கேட்டாள். ஆமாம். சாக்ஸபோனை மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கித்தான் கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். கிளாரினெட்டை வைத்துக்கொண்டு ஏ.கே.சி. நடராஜன் ஒரு வாழ்நாள் முழுக்க கச்சேரி செய்தார். பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்துக்கும் குருசடி (சிலுவைக் கோவில்) திருநாளுக்கும் மட்டும்தான் என்று நினைக்கிற பெற்றோருக்கு நான் இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் விடுவதில்லை. திருநாளில் ஊதுவதும் எனக்குக் குறைந்த விஷயம் இல்லை, நான் கற்றுக்கொண்டதே தேர்ப்பவனிக்கு ஊதுகிற பேண்டு மாஸ்டர் ஒருவரிடம்தான்.

சரி, அந்தத் தப்பு. சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தேன். ஆகஸ்ட் 15க்குத் தொடக்கப் பிள்ளைகளும் மார்ச் என்கிற அணிவகுப்பு இசையை வாசிக்கவேண்டும் என்றார்கள், நானும் ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டேன். ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது வாரம், பதினெட்டு வகுப்பு, அதில் மழை விடுமுறையும் பரீட்சையும் போக மிச்சம் பதினைந்து. எல்லாம் சேர்த்துப் பத்தே மணி நேரம். மூச்சு, உதடு, பாடுவது ஒன்றுக்கும் நேரமில்லை. கரும்பலகையில் எண்களை எழுதிப் போட்டேன், டிரம்பெட்டுக்கு 0, 13, 12, 1, 0 என்று எந்த விரலை எப்போது அமுக்கவேண்டும் என்று மட்டும் (13 என்றால் ஒன்றும் மூன்றும் சேர்த்து, 0 என்றால் எதுவும் இல்லை). பிள்ளைகள் அதைப் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி என்கிற மார்ச் வேகம் அவர்களுக்குத் தாங்காது என்று 96க்கு இறக்கினேன். அன்றைக்கு நன்றாகவே வந்தது. கைதட்டினார்கள், எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்து புதிதாக நாலு அளவு (பார்) நீளத்துக்கு இசை எழுதிக் கொடுத்தேன். ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டிருந்தது, மேல் ஸ்வரம் வரவேண்டும் என்று மவுத்பீஸை உதட்டில் அழுத்தி அழுத்தி ஒரு பையனுக்குத் தழும்பே விழுந்திருந்தது. பக்கத்தில் இருப்பவன் ஊதுவது யாருக்கும் கேட்கவில்லை, கேட்கப் பழக்கவே இல்லையே. அதை எல்லாம் அவிழ்த்துத் திருப்பிக் கட்ட அடுத்த பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் ஐந்து பிள்ளைகள், எனக்கு இது வராது சார் என்று சொல்லி நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு வந்திருக்கும், நான்தான் அவசரப்படுத்தினேன். அந்த ஐந்து முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் இந்த வருடம் தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே பேசிவிட்டேன். கொடி ஏற்றும்போது நாட்டுப்பண் 52 வினாடி, அதையும் அணிவகுப்பையும் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். தொடக்கப் பிள்ளைகள் சீருடையில் வந்து நிற்பார்கள், அணிவகுப்புக்கு முன்னால் ஒரே ஒரு ச, எட்டு எண்ணிக்கை, பிறகு நாலு எண்ணிக்கை மௌனம், மறுபடியும் ச. இவ்வளவுதான். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒத்துக்கொண்டார், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

அன்றைக்கு மழை இல்லை. ச வந்தது. முதல் முறை கொஞ்சம் சிதறி வந்தது, இரண்டாவது முறை எல்லாக் கருவியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சத்தமாக நின்றது, மைதானத்தின் அந்தப் பக்கம் மோதி வந்த மாதிரி எனக்குக் கேட்டது. முடிந்ததும் டிராம்போன் பையனின் அப்பா என்னைத் தேடி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்.

"சாரே, இவ்வளவுதானா? ரெண்டு மாசமா காலம்பற இதுக்கா எழும்பி ஓடுதான்?"

எனக்கு வருத்தமாக இல்லை, நியாயமான கேள்விதான் அது. அவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தோளை உயர்த்தாமல் மூச்சு இழுப்பது, உதட்டை வைப்பது, மற்ற இருபத்திரண்டு பேரோடு சுருதி சேர்வது எல்லாம் பிள்ளைகள் இந்த இரண்டு மாதத்தில் செய்தவை என்று விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைசியில், "அண்ணாச்சி, ரப்பர் நட்டா எத்தனை வருசம் கழிச்சு வெட்டுவீங்க?" என்று கேட்டேன். "ஏழு ஆவும், மரம் தடிக்காண்டாமா" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டில் ஊதிப் பழகக் கருவியைக் கொடுத்து விடுவீர்களா என்று கேட்டார்.

வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் பித்தளை என்றால் அம்மாமாருக்கு உடனே புளிதான் ஞாபகம் வரும். போன வருடம் டிரம்பெட் வாங்கிப்போன பெண்ணின் அம்மா, பள்ளிக்கூடத்துச் சாமான் மங்கிப்போய் இருக்கிறதே என்று குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பளபளவென்று வந்தது, ஆனால் மேலே இருந்த லாக்கர் பூச்சு அங்கங்கே போய்விட்டது, பூச்சு போனால் இந்த ஈரக்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். அவ்வளவு அக்கறையோடு செய்தவரிடம் என்ன சொல்ல முடியும். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது கருவியோடு ஒரு பழைய மெல்லிய வேட்டித் துண்டையும் கொடுத்து, வெறும் துணியால் துடையுங்கள், போதும் என்கிறேன். பட்டன் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் உள்ளே பிசுபிசுத்து பச்சையாகப் படிந்துவிடும், வால்வு எண்ணெய் என்பது தண்ணீர் மாதிரி ஓடுகிற எண்ணெய், இரண்டு சொட்டு போதும்.

மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கு ஒன்று. கருவியைப் பகிரலாம், மவுத்பீஸைப் பகிரக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, காசு இல்லாத பிள்ளைக்கு நாங்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கிளாரினெட்டின் ரீடும் அப்படித்தான். கோவிலில் நாதஸ்வரக்காரர் கருவியில் கொத்தாகத் தொங்குமே சீவாளி, அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் கை தூக்குவார்கள். சீவாளியில் இரண்டு தட்டை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும், ரீடு ஒற்றைத் தட்டை, அது மவுத்பீஸின் மேல் அடித்துக்கொள்ளும். இரண்டும் தட்டைச் செடியில் வருவதுதான், இரண்டையும் வாயில் நனைத்துத்தான் ஊதவேண்டும். கிளாரினெட் கீச்சிட்டால் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஊதுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வகுப்பில் என் முக்கியமான வேலை. கீச்சுச் சத்தத்துக்குப் பெரும்பாலும் விரல் ஓட்டையை முழுதாக மூடாததுதான் காரணம், சின்ன விரல்கள், வளரும்.

டிரம்முக்குத்தான் எப்போதும் அடிபிடி. நம் பக்கத்துத் திருவிழாக்களில் சிங்காரி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கை தானாகத் துடிக்கும். செண்டை அடித்திருந்த இரண்டு பேருக்கும் மணிக்கட்டு அருமையாக ஓடுகிறது, செண்டை கற்கும்போது கல்லின் மேல் கொட்டிப் பழகிய கை அது. சைடு டிரம்முக்குக் குச்சி பிடிக்கிற விதம் வேறு என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கல்லில் கொட்டிப் பழகுவதன் பொறுமையை அவர்கள்தான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், ரப்பர் பலகையில் அடிக்கச் சொன்னபோது எல்லாரும் முணுமுணுக்க, இவர்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்து அடித்தார்கள். ஊத வராத பிள்ளையை டிரம்முக்கு அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. டிரம் கெட்டால் மொத்த பேண்டும் கெடும்.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் மறுபடியும் மழை, மறுபடியும் தகரக் கொட்டகை. ஐந்து ஸ்வரத்தில்தான் நின்றோம், அதிலேயே நீளமாக, குட்டையாக, மெதுவாக, ஒருவர் விட்டு ஒருவர் என்று எத்தனையோ விதமாக ஊதினோம். ஒவ்வொரு முறையும் ச ரி க ம ப என்று ஏறும்போது டிராம்போன் பையன் ச ஊதுவான், ரி வரும்போது வாயை எடுக்காமல் ஸ்லைடை எட்டுகிற வரைக்கும் நீட்டி மௌனமாக இருப்பான், பிறகு க வில் சேர்ந்துகொள்வான். ரி யை ஊதவில்லை என்றாலும் அதற்கான நேரத்தை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. மற்றவர்களுக்கும் அது பழகிவிட்டது, அந்த ஒரு ஸ்வரத்தில் அடியில் பாரம் குறைந்து கேட்கும், பிறகு திரும்ப நிறையும். இடையில் இரண்டு முறை யூஃபோனியம் பற்றி மறுபடி சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் சாரே.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் முதல் வகுப்பு. நான் மட்டிப்பழச் சீப்போடு உள்ளே வரும்போது அவன் மட்டும் ஏற்கெனவே வந்து கருவியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. வலது தோளைக் கொஞ்சம் முன்னால் சாய்க்காமல், நேராக நின்று, ஸ்லைடை மெல்ல நீட்டினான். நீட்டிக்கொண்டே போய், விரல் நுனியில் பிடித்து, நிறுத்தி, ஊதினான். கொஞ்சம் நடுங்கிய, கொஞ்சம் சுருதி ஏறிய ரி.

"கிடைச்சிட்டு சாரே" என்றான்.

நான் அதை இன்னொரு முறை ஊதச் சொன்னேன். பிறகு மற்ற பிள்ளைகள் வந்ததும் வழக்கம்போல ச வில் தொடங்கினோம். ரி யில் அடிச்சத்தம் வந்ததும் கிளாரினெட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அதனால் க வை நாங்கள் எல்லாருமே தவறவிட்டோம், மறுபடி முதலிலிருந்து ஊத வேண்டியிருந்தது.